2024 ரக அலுமினியத் தகட்டுக்கு உள்பக்கம் பிரைமர் வேண்டுமா? ஏற்காட்டு ஈரத்தில் எது நிற்கும்?

நாகலூர்_ஷெட்

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்து ஓரமாக எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. பெங்களூர் நண்பர் ஒருவர் இருவர் உட்காரக்கூடிய சிறிய விமானத்தைக் கிட்டாக இறக்கியிருக்கிறார். பதிவு, அனுமதி, ஆய்வு எல்லாம் அவர் பொறுப்பு. வால் பகுதியை, அதாவது அசையாத ஸ்டெபிலைசர், கீலில் அசையும் எலிவேட்டர், ரட்டர் மூன்றையும், என் ஷெட்டில் ரிவெட் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. தகடு 2024-டி3 ஆல்கிளாட், 0.5 மி.மீ.யும் 0.8 மி.மீ.யும். ஆங்கிள், சின்னச் சின்ன பிராக்கெட் எல்லாம் 6061-டி6.

உள்பக்கத்துக்குப் பிரைமர், அதாவது அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ரிவெட் அடித்து மூடிவிட்டால் மறுபடி உள்ளே கை போகாது, அதனால் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். இங்கே ஈரம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஆடி பிறந்தால் மார்கழி வரை காலையில் ஷெட் கதவைத் திறந்ததும் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது, தகரக் கூரைக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்குகிறது. சேலத்தில் கார் பெயின்ட் கடையில் கேட்டதற்கு செல்ஃப் எட்ச் பிரைமர் ஸ்ப்ரே டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அது போதுமா? எபாக்சிதான் வேண்டுமா? குரோமேட் அவசியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எடை_கணக்கு

ஆல்கிளாட் என்றால் உள்ளே ஒன்றும் அடிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 2024 தகட்டின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சுத்தமான அலுமினியப் படலம் ஒட்டி உருட்டப்பட்டிருக்கிறது, அது வேலை செய்யத்தான் அங்கே இருக்கிறது. பழைய செஸ்னா 150, 172 சிறு விமானங்கள் எத்தனையோ உள்பக்கம் பிரைமர் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வந்தவை, இன்னமும் பறந்துகொண்டிருக்கின்றன.

கணக்கும் போட்டுப் பாருங்கள். காய்ந்த படலம் 20 மைக்ரான், அடர்த்தி 1.4 என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 28 கிராம். ஸ்ப்ரே கன்னைப் பிடித்துப் பழகாதவர் 20 மைக்ரானில் நிறுத்த மாட்டார், 50, 60 என்று போய்விடும், எடையும் அப்படியே மூன்று மடங்காகும். அதுவும் வாலில்! ஈர்ப்பு மையத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிப் போடும் ஒவ்வொரு 100 கிராமும் பின்பக்கமாக இழுக்கும்.

ஏர்ஃபிரேம்_பேர்லேண்ட்ஸ்

தம்பி, நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எடை_கணக்கு சொல்வதில் பாதி சரி. மீதியை மட்டும் நான் சொல்கிறேன்.

2024-இல் நூற்றுக்கு ஏறக்குறைய நாலரை பங்கு செம்பு இருக்கிறது. அதன் பலமே அந்தச் செம்பினால்தான், அதன் நோயும் அதே செம்பினால்தான். உலோகத்துக்குள் செம்பு அதிகமாகத் திரண்ட நுண் துகள்கள் அங்கங்கே உட்கார்ந்திருக்கும். ஒரு சொட்டு ஈரமும் கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் துகளைச் சுற்றியிருக்கும் அலுமினியம் கரையத் தொடங்கும். மேலே பார்த்தால் வெள்ளையாகப் பூத்த ஒரு புள்ளி, பொடியைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி குத்தியது போல் குழி. அதை விட்டுவிட்டால் படிகங்களின் எல்லை வழியாக உள்ளே போய்விடும். 1920களிலேயே இதைப் பார்த்துப் பயந்துதான் ஆல்கிளாடைக் கண்டுபிடித்தார்கள். மேல்படலம் முதலில் கரைந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படலம் எவ்வளவு தடிமன் தெரியுமா? இந்த மாதிரி மெல்லிய தகட்டில் ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம். 0.8 மி.மீ. தகட்டில் 40 மைக்ரான், 0.5 மி.மீ.யில் 25 மைக்ரான். ஒருவர் ஆர்வக்கோளாறில் எமரித் தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்தால் அந்த இடத்தில் கிளாட் போயே போய்விடும். வெட்டிய விளிம்பிலும் ரிவெட் ஓட்டையின் சுவரிலும் கிளாட் என்பதே கிடையாது, அங்கே 2024 அம்மணமாக நிற்கிறது. உன் 6061 ஆங்கிளும் பொதுவாகக் கிளாட் இல்லாமல்தான் வரும், அது 2024 அளவுக்கு மோசமில்லை என்றாலும்.

இன்னொன்று. செஸ்னா உதாரணம் எல்லோரும் சொல்வது. அதே கம்பெனி தண்ணீரில் இறங்கும் மிதவை விமானங்களுக்கு உள்பக்கப் பாதுகாப்பைத் தனியாகச் செய்து கொடுத்தது. அரிசோனாப் பாலைவனத்தில் நிற்கும் விமானத்தைப் பார்த்து ஏற்காட்டுக்கு முடிவெடுக்கக் கூடாது. நீ எந்த டப்பா வாங்குகிறாய் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். தண்ணீர் எங்கே நுழையும், எங்கே நிற்கும், எப்படி வெளியே போகும் என்று முதலில் பார். தகடும் தகடும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடம்தான் அரிப்பு பிறக்கும் இடம்.

கொண்டலாம்பட்டி_ஸ்ப்ரே

கார், பஸ் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். விமானம் தெரியாது, ஆனால் அலுமினிய பாடி பஸ் நிறையப் பார்த்தாயிற்று. அந்தக் கடையில் நீட்டிய செல்ஃப் எட்ச் டப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எட்ச் பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. தகட்டைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், மேலே அடிப்பது நன்றாக ஒட்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. அது மெல்லிய படலம், தண்ணீரை நிறுத்தாது. அதை மட்டும் அடித்து மூடிவிட்டால் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு தகடு ஒட்டும் இடத்தில் தடிமனாக அடித்து, காயும் முன்னே ரிவெட் போட்டுவிட்டால் அமிலமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் சிலர் எட்ச் அடித்த சூட்டோடு சூடாக மேலே எபாக்சி அடிக்கிறார்கள், கீழே இருக்கும் அமிலம் எபாக்சி ஹார்டனரோடு சண்டை போடும், நகத்தால் சுரண்டினால் தோல் தோலாக உரிந்து வரும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள், பல கம்பெனிக்காரர்கள் எட்ச் மேல் நேராக எபாக்சி அடிக்காதே என்றே எழுதியிருப்பார்கள்.

என் ஓட்டு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமருக்கு.

நாகலூர்_ஷெட்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. அப்போது எபாக்சி என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே குளிரிலும் மூடுபனியிலும் எபாக்சி காயுமா? நேற்று சோதனைக்கு ஒரு துண்டில் அடித்தேன், காலையில் தொட்டால் மேலே மெழுகு தடவியது போல் பிசுபிசுப்பு, அங்கங்கே வெளிறிப் போயிருக்கிறது.

கொண்டலாம்பட்டி_ஸ்ப்ரே

அதுதான் பிளஷ். எபாக்சி ஹார்டனரில் இருக்கும் அமீன், காற்றில் உள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே ஒரு வெளிறிய படலமாக வந்து நிற்கிறது. அதன் மேலேயே டாப் கோட் (மேல்பூச்சு) அடித்தால் பின்னால் பிளேட் பிளேட்டாகப் பெயரும். தின்னரால் துடைக்காதீர்கள், அது பரவத்தான் செய்யும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, லேசாக உரசி ஸ்கஃப் பண்ணி அப்புறம் அடியுங்கள்.

விஷயம் என்னவென்றால் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தால் போதாது, தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பனிநிலையை விட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை விட, தகடு குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான எபாக்சி மந்தமாகிவிடும், காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. சின்ன ஈரப்பதமானி ஒன்று சுவரில் மாட்டுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. கம்ப்ரசர் லைனில் ஈரம் பிரிக்கும் பில்டர் இல்லாமல் ஏற்காட்டில் கன்னையே கையில் எடுக்கக் கூடாது.

பேசாமல் பாகங்களைக் கீழே கொண்டு வந்து அடித்துக்கொண்டு போங்கள். 20 ஹேர்பின் இறங்கினால் சேலம். ஒன்றே ஒன்று, சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் இங்கே வேறு தொல்லை, தகட்டில் விழும் முன்னே தின்னர் பறந்து பிரைமர் மாவாக உட்காரும், சொரசொரவென்று ஓட்டை ஓட்டையாக. தை, மாசியில் காலை 8 மணிக்கு மேல் 11 மணிக்குள் அடித்தால் ராஜா மாதிரி வரும்.

காமலாபுரம்_ஹேங்கர்

விமானப் பராமரிப்புப் பொறியியல் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் எங்களுக்கு முதலில் காட்டும் படம் 1988 ஏப்ரல் 28, அலோஹா 243. போயிங் 737-200, ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு. 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரையே பிய்த்துக்கொண்டு போனது, பணிப்பெண் ஒருவர் இறந்தார். 89,680 தடவை ஏறி இறங்கிய விமானம், உப்புக் காற்றிலேயே வாழ்ந்தது. தகடு மேல் தகடு படியும் லேப் ஜாயின்ட்டில் ஒட்டு விட்டுப் போய், ஈரம் நுழைந்து அரித்து, ரிவெட் ஓட்டைகளில் வரிசையாக விரிசல். பேர்லேண்ட்ஸ் ஐயா சொன்ன அதே இடம்தான்.

சின்ன விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புவது கிடையாது, அந்த மாதிரிக் கிழியாது என்பது தெரியும். ஆனால் ஈரத்துக்குப் பெரிய விமானம், சின்ன விமானம் என்று வித்தியாசம் கிடையாது.

கருப்பூர்_கெமிஸ்ட்

பிளேட்டிங் துறையில் வேலை செய்கிறேன். குரோமேட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பாதித் தகவலோடு இறங்குவது ஆபத்து.

விமான அலுமினியத்துக்கு வழக்கமான வரிசை இது: எண்ணெய் நீக்கம், அமிலத்தால் மேற்பரப்பைத் தயார் செய்தல், கன்வர்ஷன் கோட்டிங் (உலோகத்தின் மேற்பரப்பையே ரசாயனத்தால் காப்புப் படலமாக மாற்றுவது), அதன் மேல் அரிப்புத் தடுப்பான் கலந்த எபாக்சி பிரைமர், வெளிப்பக்கம் என்றால் அதற்கு மேல் பாலியூரித்தேன். கன்வர்ஷன் கோட்டிங்கில் புகழ்பெற்றது அலோடைன் 1200, தகடு பொன்னிறமாக மாறும். அது ஆறு இணைதிறன் குரோமியம். பழைய ஜிங்க் குரோமேட் பச்சைப் பிரைமரும், இன்றைய விமானங்களில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் எபாக்சியும் அதே குடும்பம்தான்.

அது ஏன் இவ்வளவு நாள் கோலோச்சியது என்றால், கீறல் விழுந்தால் தானே போய் அடைக்கும். படலத்தில் இருக்கும் குரோமேட் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கீறிய இடத்துக்குப் போய், அங்கே மூன்று இணைதிறனாகக் குறைந்து, கரையாத படலமாகப் படிந்துவிடும். இந்தக் குணத்தோடு ஈடுகொடுக்கும் மாற்றைத் தேடித்தான் உலகமே பல வருடமாக அலைகிறது. அமெரிக்க ராணுவத்தின் மில்-பிஆர்எஃப்-23377 தரத்தின்படி பிரைமர் உப்புநீர்த் தூவலில் 2,000 மணி நேரம் நிற்க வேண்டும், அது சாதாரணத் தேர்வு இல்லை.

ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே அதை முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஐரோப்பாவில் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டை 2019 ஜனவரிக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. காய்ந்த பிரைமரைத் தேய்க்கும்போது வரும் தூசி, அடிக்கும்போது வரும் புகை, இரண்டும் நுரையீரலுக்கு நேராகப் போகும். வீட்டோடு ஒட்டிய ஷெட், பக்கத்தில் காப்பி காயும் களம், இந்தச் சூழலில் நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன்.

கழிவையும் யோசியுங்கள். அலோடைன் தொட்டி வைத்தால் அதைக் கழுவிய தண்ணீரும் நஞ்சு. அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு மூன்று இணைதிறனாகக் குறைத்து, பிறகு சுண்ணாம்பால் பிஎச் உயர்த்தி, கசடாகப் படியவைத்து, அந்தக் கசடை அபாயக் கழிவு எடுக்கும் இடத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓடையில் ஊற்றினால்? திருமணிமுத்தாறு இந்த ஷெவராய் மலையில்தான் பிறந்து சேலத்துக்குள் வருகிறது. ராணிப்பேட்டையில் மூடிப் போன குரோமேட் ஆலையின் கழிவு மலை நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை நம் மாநிலம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

எடை_கணக்கு

மேடம், அப்படியென்றால் குரோமேட் இல்லாத எபாக்சி வெறும் பெயின்ட்தானே? தடுப்பான் எதுவும் இல்லை என்றால் 28 கிராம் வீண் சுமை இல்லையா?

கருப்பூர்_கெமிஸ்ட்

வெறும் பெயின்ட் இல்லை. முதலாவது, நன்றாக ஒட்டிய எபாக்சி படலமே ஈரத்தையும் உப்பையும் தள்ளி நிறுத்தும். இரண்டாவது, குரோமேட் இல்லாத தடுப்பான்கள் வந்துவிட்டன. லித்தியம் உப்பு கரைந்து வந்து அடைக்கும் வகை ஒன்று, பிரசியோடிமியம் போன்ற அருமண் கலந்த வகை ஒன்று. மக்னீசியம் உலோகத் தூள் நிறைந்த பிரைமரும் உண்டு, இரும்புக்குத் துத்தநாகம் தன்னைத் தருகிற மாதிரி அலுமினியத்துக்கு மக்னீசியம் தன்னைத் தரும். (நம் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மக்னீசியக் கனிமமான மேக்னசைட்டைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இது படிக்கும்போது தனி சந்தோஷம்.)

கன்வர்ஷன் கோட்டிங்கிலும் மூன்று இணைதிறன் வகை இருக்கிறது, அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் உருவாக்கியது, மில்-டிடிஎல்-5541 தரத்தில் இரண்டாம் வகையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரே குறை, பொன்னிறம் வராது, ஏறக்குறைய நிறமே இருக்காது. படிந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது, அதனால் செய்முறையில் பிசகக் கூடாது. எல்லாப் பாகத்தையும் மொத்தமாகச் செய்ய வேண்டுமென்றால் பெங்களூரில் விமான வேலைக்கு அங்கீகாரம் பெற்ற பிளேட்டிங் பட்டறைகள் இருக்கின்றன, நண்பர் வழியாகக் கேளுங்கள். ஆனால் சேர்த்து ரிவெட் அடிக்கும் முன் தனித்தனிப் பாகமாகத்தான் அனுப்ப வேண்டும். சேர்த்த பிறகு முக்கினால் இடுக்கில் போன ரசாயனத்தை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது.

ஏர்ஃபிரேம்_பேர்லேண்ட்ஸ்

மேடம் சொன்னது அத்தனையும் சரி. நான் சுத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இதில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவசரப்படுகிறார்கள்.

பிரைமர் அடிக்கும் முன் தண்ணீர்ச் சோதனை செய். கழுவிய தகட்டைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து சுத்தமான தண்ணீரை ஊற்று. தண்ணீர் முழுத் தகட்டிலும் ஒரே விரிப்பாக நின்று, உடையாமல், மெல்ல வடிய வேண்டும். எங்காவது விலகி ஓடினால், முத்தாகத் திரண்டால், அங்கே எண்ணெய் இருக்கிறது. உன் கட்டைவிரல் பட்ட இடம் விரல் ரேகையோடு தெரியும். மறுபடி கழுவு. அரை நிமிடம் விரிப்பு கலையாமல் நின்றால்தான் அந்தத் தகடு தயார், அதன் பிறகு வெறும் கையால் தொடாதே, வியர்வையில் உப்பு இருக்கிறது.

துடைப்பதற்கும் முறை உண்டு. ஒரு கையில் அசிட்டோன் நனைத்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. நனைத்துத் தேய்த்த உடனே, அது தானாகக் காயும் முன், உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் அழுக்கு வேறு இடத்துக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இரும்பு வேலை செய்த எமரி, கம்பி பிரஷ், ஸ்டீல் ஊல் எதுவும் அலுமினியத்தின் பக்கமே வரக் கூடாது. இரும்புத் துகள் குத்தி உட்கார்ந்துவிட்டால் அது ஒவ்வொன்றும் ஒரு அரிப்பு முனை. ஷெட்டில் கேட் வெல்டிங், கிரைண்டிங் நடந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்று. தகட்டில் பென்சிலால் கோடு போடாதே. கிராபைட் அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் கோடு போட்ட இடமே அரித்துப் பள்ளமாகும். மெல்லிய மார்க்கர் பேனா போதும்.

கொண்டலாம்பட்டி_ஸ்ப்ரே

துணி என்றதும் ஞாபகம் வந்தது. பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருவதில் பாதியில் மென்மைக்குப் போட்ட சிலிக்கான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பெயின்ட் அடித்ததும் வட்ட வட்டமாக பிஷ் ஐ விழும். பஞ்சு விடாத வெள்ளைத் துணி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகமூடி பற்றியும் கேளுங்கள், மனசு கேட்காமல் சொல்கிறேன். எபாக்சி பிரைமர் என்றால் கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை. வெளியே அடிக்கும் இரண்டு பாக பாலியூரித்தேன் டாப் கோட்டில் ஹார்டனர் ஐசோசயனேட். அது மாஸ்க்கைத் தாண்டினாலும் வாசனை காட்டிக் கொடுக்காது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அதன் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். நம் தொழிலில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டாப் கோட் அடிப்பது என்றால் வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் மாஸ்க் வேண்டும், இல்லையென்றால் அது இருக்கும் பட்டறையில் கொடுத்து அடியுங்கள்.

காமலாபுரம்_ஹேங்கர்

பேர்லேண்ட்ஸ் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஏற்காட்டு மாதிரி ஈரத்தில் பெயின்ட்டுக்கு அடியில் நூல் நூலாக ஓடும் அரிப்பு வருமாமே?

ஏர்ஃபிரேம்_பேர்லேண்ட்ஸ்

பிலிஃபார்ம். வரும், தம்பி. காற்றில் ஈரப்பதம் 65-லிருந்து 95 சதவீதம் வரை அதற்குப் பிடித்த இடம், அதாவது ஏற்காடு. பெயின்ட்டில் ஒரு கீறலோ ரிவெட் தலையைச் சுற்றி ஒரு வெடிப்போ இருந்தால் அங்கிருந்து கிளம்பும். ஈர மண்ணில் மண்புழு ஓடிய தடம் மாதிரி பெயின்ட் மெல்லியதாக மேலெழும்பி வளைந்து வளைந்து போகும். உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அது கிளம்புவதற்குக் கொஞ்சம் குளோரைடு போதும். அதனால்தான் கடைசிக் கழுவலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம் என்கிறேன்.

கருப்பூர்_கெமிஸ்ட்

ஆமாம், அதை நானே சொல்லியிருக்க வேண்டும் என்று எழுத வந்தேன். ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரி தண்ணீரோ, கடைசி அலசல் அதில். அலுமினியத்தின் இயற்கைப் படலம் பிஎச் 4-இலிருந்து எட்டரை வரைதான் தாங்கும், அதனால் காஸ்டிக், சலவை சோடா போட்ட கிளீனர் எதையும் தொடாதீர்கள், அலுமினியத்துக்கு என்றே விற்கும் நடுநிலைக் கிளீனர் வாங்குங்கள்.

நாகலூர்_ஷெட்

எவ்வளவு தகவல்! எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமானது, அப்பா அந்த லாரிகளைப் பற்றி நிறையச் சொல்வார். அதே மலையில் உட்கார்ந்து ஒரு விமானத்தின் வாலைச் செய்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை, அதை அரைகுறையாகச் செய்ய மனமில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். தகட்டின் மேல் ஒட்டி வந்த நீல பிளாஸ்டிக் படலத்தைக் கீறல் விழாமல் இருக்க அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், சரியா? போல்ட்டுக்கு சேலத்தில் நல்ல ஸ்டெயின்லெஸ் சுலபமாகக் கிடைக்கிறதே, போடலாமா? எலிவேட்டரின் உள்பக்கமும் அடிக்க வேண்டுமா?

ஏர்ஃபிரேம்_பேர்லேண்ட்ஸ்

பிளாஸ்டிக்கை இன்றைக்கே உரி. ஓரம் வழியாக ஈரம் உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடும், மாதக்கணக்கில் விட்டால் உரிக்கும்போது அடியில் கறை கறையாகப் பூத்திருக்கும். தகடுகளை அடுக்கி வைக்கவும் கூடாது, இடையில் ஈரம் பிடித்த காகிதம் இருந்தால் இன்னும் மோசம். நிற்க வைத்து, இடையில் காற்று போகும்படி வை.

போல்ட் விஷயத்தில் கிட் கையேட்டில் சொன்னதைத் தவிர வேறெதையும் போடாதே. காட்மியம் பூசிய விமான போல்ட் என்று போட்டிருந்தால் அதுதான். பலமும் அளவும் அதற்குத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எலிவேட்டருக்கு உள்ளே அடிக்கலாம், மெல்லியதாக. ஆனால் எலிவேட்டரையும் ரட்டரையும் பெயின்ட் முழுக்க முடிந்த பிறகு கையேட்டில் சொன்னபடி சமநிலை பார்த்தே ஆக வேண்டும். கீலுக்குப் பின்னால் எடை கூடினால் வேகத்தில் படபடக்கத் தொடங்கும், அந்தப் படபடப்பு சில நொடிகளில் வாலைப் பிய்த்துவிடும். அரிப்பு பல வருடம் எடுத்துக்கொள்ளும், இது எடுத்துக்கொள்ளாது. இதை உன் நண்பரிடமும் சொல்.

கருப்பூர்_கெமிஸ்ட்

ஸ்டெயின்லெஸ் பற்றி ஒரு வரி. பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் திருகு என்றால் சேதம் மெதுவாக நடக்கும், அதற்கு நேர்மாறாக ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் போட்டால் ரிவெட் சீக்கிரமே காணாமல் போகும். எது பரப்பில் சின்னது என்பது அவ்வளவு முக்கியம். கார்பன் ஃபைபர் பாகம் ஏதாவது அலுமினியத்தில் நேராகப் படுகிறது என்றால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள், நடுவில் கண்ணாடி இழைப் படலமோ சீலன்ட்டோ கட்டாயம்.

எடை_கணக்கு

நான் இன்னமும் சொல்வது, திறந்த பரப்பில் கிளாட் போதும், தகடுகள் படியும் இடத்திலும் 6061 ஆங்கிளிலும் மட்டும் அடியுங்கள். அதில் பாதி எடை மிச்சம். வடிகால் ஓட்டைகள் அடைபடாமல் இருந்தால், ஷெட்டில் காற்றோட்டம் இருந்தால், அதுவே நீண்ட நாள் போகும்.

காமலாபுரம்_ஹேங்கர்

காற்றோட்டத்தோடு எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. எலி மூத்திரம் அலுமினியத்தை எப்படித் தின்னும் என்று எங்களுக்குப் பாகத்தோடு காட்டினார்கள், தகடு சல்லடை. வாலின் திறப்புகள் எல்லாவற்றையும் கம்பி வலையால் மூடி வையுங்கள், குருவிக் கூட்டுக்கும் சேர்த்து.

எண்ணெய் வகைத் தடுப்பான்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஏசிஎஃப்-50, கரோஷன்எக்ஸ் மாதிரி. ரிவெட் இடுக்கு வரை ஊர்ந்து போய் ஈரத்தைத் தள்ளும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், ஆனால் பிரைமர் அடிக்காத பழைய விமானத்துக்கு அதுதான் கைகொடுக்கிறது.

கொண்டலாம்பட்டி_ஸ்ப்ரே

அதை டாப் கோட் எல்லாம் முடிந்த பிறகுதான். முதலில் அடித்தால் ரிவெட் ஓரமெல்லாம் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும், எந்தப் பெயின்ட்டும் உட்காராது.

நாகலூர்_ஷெட்

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறேன். எல்லாப் பாகமும் தனித்தனியாக, நடுநிலைக் கிளீனர், பாஸ்பாரிக் கழுவல், ஆர்.ஓ. அலசல், தண்ணீர்ச் சோதனை. குரோமேட் இல்லாத தடுப்பான் கலந்த எபாக்சி, படியும் இடங்களில் முழுமையாக, திறந்த பரப்பில் ஒரே ஒரு மெல்லிய கோட். தை மாதம் பாகங்களைச் சேலத்துக்கு இறக்கி கொண்டலாம்பட்டி அண்ணா பட்டறையில் அடிக்கலாமா என்று அவரிடம் தனியாகக் கேட்கிறேன். ஓட்டைகளை முதலில் போட்டுவிட்டுப் பிரைமர் அடிப்பதா, அடித்துவிட்டு ஓட்டை போடுவதா?

ஏர்ஃபிரேம்_பேர்லேண்ட்ஸ்

பாகங்களைத் தற்காலிகமாகப் பொருத்தி, எல்லா ஓட்டையையும் இறுதி அளவுக்குப் போட்டு, பிரித்து, இரண்டு பக்கமும் ஓட்டை ஓரத்துப் பிசிறை (பர்) எடுத்து, ரிவெட் தலை பதிய டிம்பிள் (குழி) செய்ய வேண்டியதைச் செய்து, அதற்குப் பிறகு கழுவிப் பிரைமர். அப்போதுதான் ஓட்டையின் விளிம்பிலும் படலம் ஏறும். கன்னைச் சாய்த்துப் பிடித்து ஓட்டை வரிசை மேல் ஒரு லேசான வீச்சு அடி. 15-லிருந்து 23 மைக்ரான் போதும், கூடினால் ரிவெட் அடிக்கும்போது தலையைச் சுற்றி வெடிக்கும். சேர்க்கும்போது கீறல் விழுந்தால் அந்த இடத்துக்குச் சின்னத் தூரிகையால் அதே எபாக்சியைக் கலந்து தொட்டு வை. ஹார்டனர் அளவைக் கண்ணால் பார்க்காதே, தராசு வை. கலந்த பிறகு டப்பாவில் சொன்ன நேரம் விட்டுத்தான் அடிக்க வேண்டும், பல எபாக்சிக்கு அது அரை மணி நேரம்.

கொண்டலாம்பட்டி_ஸ்ப்ரே

தை பிறந்ததும் கொண்டு வாருங்கள். பெயின்ட் அடிக்கும் பூத் அறையை முதல் நாளே கழுவிவிடுகிறேன், அன்றைக்கு வேறு வண்டி உள்ளே ஏற்ற மாட்டேன். சோதனைக்கு அதே 2024 துண்டு நாலைந்து கூடவே எடுத்து வாருங்கள், முதலில் அதில் அடித்து, மறுநாள் பிளேடால் கட்டம் கீறி டேப் ஒட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் பாகத்தில் கை வைப்பேன்.